முதல் பெரிய டிரையத்லான்: பதிவு செய்யும் நாள் முதல் பந்தயம் முடிந்த வாரம் வரை

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கடிகாரம், நடுவில் அது நிற்காது என்று தெரிந்துதான் எல்லோரும் டிரையத்லானுக்குப் பெயர் கொடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கலந்துகொள்ளும் பெரிய பந்தயத்தில் இவற்றோடு கூட்டமும் சேர்ந்துகொள்கிறது. தண்ணீரில் யாரோ ஒருவரின் கை உங்கள் தோளில் விழும். நிறுத்திவைத்த சைக்கிள் எந்த வரிசையில் இருக்கிறது என்று தெரியாது. பாதையோரம் நிற்பவர்கள் போடும் சத்தத்தில் கால் தானாக வேகம் எடுக்கும். தனியாகப் பயிற்சி செய்து நன்றாகத் தேறியவர்கள்கூட அன்றைக்குத் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். நான் பார்த்தவரை, உடம்பைத் தயார் செய்வதோடு கூட்டத்துக்கும் தயாராக வந்தவர்கள்தான் பந்தயத்தை ரசித்து முடிக்கிறார்கள்.

1974 செப்டம்பரில் சான் டியாகோவின் மிஷன் பே பகுதியில் நடந்த முதல் நவீன டிரையத்லானில் கலந்துகொண்டவர்கள் 46 பேர். 1978-ல் ஹவாயில் நடந்த முதல் அயர்ன்மேனில், அதாவது நீண்ட தூர டிரையத்லானில், 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். இன்று ஒரு பெரிய பந்தயத்தில் ஒரே வரிசைக் கம்பியில் அதைவிட அதிக சைக்கிள்கள் தொங்கும். ஆகவே பயிற்சித் திட்டத்தைத் தேடுவதற்கு முன்னால் பந்தயத்தையே கொஞ்சம் புரிந்துகொள்வோம்.

தூரத்தையும் விதியையும் முதலில் பாருங்கள்

வழக்கமான தூரங்கள் நான்கு. ஸ்பிரிண்ட் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக் தூரம் இதன் இரட்டிப்பு: 1.5 கி.மீ., 40 கி.மீ., 10 கி.மீ. 2000-ல் சிட்னியில் டிரையத்லான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது இந்தத் தூரத்தில்தான். அரை அயர்ன்மேனில் 1.9, 90, 21.1 கி.மீ. முழு அயர்ன்மேனில் 3.8, 180, 42.2 கி.மீ.

முதல் பெரிய பந்தயத்துக்கு ஒலிம்பிக் தூரம்தான் சரி என்பது என் கருத்து. ஸ்பிரிண்டில் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். கூட்டத்துக்குப் பழகுவதற்குள் ஓட்டம் வந்துவிடும். அரை தூரத்தில் சாப்பாடும் தண்ணீரும் தனிப் பாடமாகிவிடுகின்றன. ஒலிம்பிக் தூரத்தில் எல்லாவற்றையும் ஒருமுறை ருசிபார்க்கலாம், அடுத்த நாள் மாடிப்படியும் இறங்கலாம்.

பதிவு செய்யும்போதே அமைப்பாளர்கள் தரும் விதிகளைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிடுங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியது கட்-ஆஃப், அதாவது ஒவ்வொரு பகுதியையும் முடித்தாக வேண்டிய நேரம். முழு அயர்ன்மேனில் வழக்கமாக நீச்சலுக்கு 2 மணி 20 நிமிடமும் மொத்தத்துக்கு 17 மணி நேரமும் தருகிறார்கள்; பாதையைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். உங்கள் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பகுதியிலும் கட்-ஆஃபுக்கு நல்ல இடைவெளி இருந்தால்தான் பஞ்சரானாலும் பதற்றமில்லாமல் இருக்க முடியும். வயதுப் பிரிவு, அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று உங்கள் வயது என்னவோ அதை வைத்துத்தான் தீர்மானிக்கப்படும்.

இன்னொன்றையும் இப்போதே செய்துவிடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்கள், பயிற்சியின்போது நெஞ்சு அழுத்தமோ மயக்கமோ வந்தவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அமெரிக்க டிரையத்லான்களில் 1985 முதல் 2016 வரை நடந்த மரணங்களையும் இதயம் நின்றுபோன நிகழ்வுகளையும் தொகுத்த ஓர் ஆய்வில், 135 நிகழ்வுகளில் 90 நீச்சலின்போது நேர்ந்தவை. பாதிக்கப்பட்டவர்களில் 85 சதவீதம் ஆண்கள். சராசரி வயது 47-ஐ ஒட்டி. கலந்துகொண்ட எல்லோரையும் கணக்கில் எடுத்தால் லட்சத்தில் இரண்டு பேருக்கும் குறைவுதான். ஆனாலும் ஒரு இ.சி.ஜி. எடுக்க ஆகும் நேரம் பெரிதல்ல.

பயிற்சி: வாரத்துக்கு ஆறு முறை போதும்

நிற்காமல் 400 மீட்டர் நீந்தவும் அரை மணி நேரம் ஓடவும் முடிகிறவர்களுக்கு ஒலிம்பிக் தூரத்துக்கு 12 முதல் 16 வாரம் போதும். நீச்சலே தெரியாதவர்கள் முதலில் அதைக் கற்றுக்கொண்ட பிறகு பந்தயத் தேதியைப் பார்க்கலாம்.

ஒவ்வொரு விளையாட்டுக்கும் வாரத்தில் இரண்டு முறை, ஒரு நாள் முழு ஓய்வு. இரண்டில் ஒன்று நிதானமாக, நீளமாக. மற்றொன்று சிறியதாக, கொஞ்சம் வேகமாக. நிதானம் என்றால் பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியத்தில் பேச முடிகிற அளவு. வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி செய்கிறவர்களில் பலர் எல்லா நாளும் அரைகுறை வேகத்தில் ஓடிக் களைத்துப்போகிறார்கள். நீளமான பயிற்சியை உண்மையிலேயே மெதுவாகச் செய்யுங்கள். பலன் அதில்தான் இருக்கிறது. மூன்று வாரம் கூட்டிக்கொண்டே போய் நான்காவது வாரம் குறைப்பது நல்ல வழக்கம்.

மொத்த நேரத்தில் பாதியோ அதற்கு மேலோ சைக்கிளில்தான் போகும். ஆகவே நேரம் இல்லாத வாரத்தில் எதை விட்டாலும் நீளமான சைக்கிள் பயிற்சியை விடாதீர்கள். சைக்கிளிலிருந்து இறங்கி உடனே ஓடும் பயிற்சிக்கு பிரிக் என்று பெயர். முதன்முறை செய்யும்போது கால் உங்களுடையதா என்றே சந்தேகம் வரும்; தொடை கனக்கும், அடி சிறிதாகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சைக்கிளுக்குப் பின் 15 நிமிடம் ஓடினாலே கால் பழகிவிடும். பிரிக்கில் நீளமாக ஓட வேண்டிய அவசியமே இல்லை.

கடைசி இரண்டு வாரம் அளவைக் குறையுங்கள், வேகத்தை முழுவதும் விடாதீர்கள். அப்போது உடம்பு மந்தமாக இருப்பதுபோல் தோன்றும். பயந்துபோய் ஒரு நீள ஓட்டத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

திறந்த நீரில், மனிதர்களுக்கு நடுவே

இந்தப் பகுதிக்குத்தான் நான் அதிக இடம் ஒதுக்குவேன். நீச்சல்குளத்தில் 1,500 மீட்டரை வசதியாக முடிக்கிறவர், ஏரியிலோ கடலிலோ 200 மீட்டரில் மூச்சுத் திணறி நிற்பது சகஜம். அடியில் கறுப்புக் கோடு இல்லை, 25 மீட்டருக்கு ஒருமுறை தொட்டு இளைப்பாறச் சுவர் இல்லை, தண்ணீர் கலங்கல். போதாக்குறைக்கு நாலாபுறமும் கையும் காலும்.

இதற்கு மூன்று பயிற்சிகள் வேண்டும். முதலாவது, நேராகப் போவது. ஆறு முதல் பத்து கைவீச்சுக்கு ஒருமுறை, மூச்சு எடுக்கத் தலை திரும்புவதற்குச் சற்று முன் கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேல் கொண்டுவந்து முன்னால் பாருங்கள். வாய் வெளியே வர வேண்டாம். தலையை முழுக்கத் தூக்கினால் இடுப்பு தாழ்ந்துவிடும். மிதவை சிறியது, அலையில் மறையும். அதற்குப் பின்னால் கரையில் இருக்கும் உயரமான ஏதாவதொன்றைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகிற கூட்டத்தை நம்பி நீந்தாதீர்கள், அவர்களும் வேறு யாரையோ நம்பித்தான் போய்க்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது, இடிபடுவது. நண்பர்கள் நான்கைந்து பேரைச் சேர்த்து, குளத்தில் ஒரே தடத்தில் மூன்று மூன்று பேராக நீந்துங்கள். வேண்டுமென்றே தோளோடு தோள் உரசட்டும், காலைத் தொடட்டும், ஒருவர் மேல் ஒருவர் கை படட்டும். யாராவது ஒருவர் உங்கள் நீச்சல் கண்ணாடியைத் தட்டிவிடட்டும். மல்லாந்து மிதந்தபடி அதைச் சரிசெய்து, விட்ட இடத்தில் தொடருங்கள். இரண்டே வாரத்தில் இடிபடுவது ஒரு விஷயமே இல்லை என்றாகிவிடும். இந்த ஒன்றை மட்டும் செய்துவிட்டு வந்தாலே பந்தயத்தில் பாதிப் பேரைவிட நீங்கள் நிதானமாக இருப்பீர்கள்.

மூன்றாவது, பதற்றம் வந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்ப்பது. குளிர்ந்த நீரில் திடீரென இறங்கினால் மூச்சு தாறுமாறாக ஓடும், நெஞ்சு படபடக்கும்; ஒன்றிரண்டு நிமிடத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு மெல்ல இறங்கினால் இது குறையும். நடுவழியில் திணறினால் மல்லாந்து படுத்து, மூச்சை மெதுவாக வெளியே விடுவதில் மட்டும் கவனம் வையுங்கள். மூச்சை இழுக்க முயல்வதைவிட விடுவதுதான் உதவும். பிறகு சில வீச்சு மார்பு நீச்சல், அப்புறம் ஃப்ரீஸ்டைல். அப்போதும் சரியாகவில்லையா? கையை உயர்த்துங்கள். கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் காவலர் வருவார். கயாக்கையோ மிதவையையோ பிடித்து இளைப்பாறலாம். அதைப் பிடித்தபடி முன்னே நகராதவரை விதி அனுமதிக்கிறது. நெஞ்சு வலியோ விடாத மூச்சுத்திணறலோ இருந்தால் அங்கேயே பந்தயத்தை நிறுத்திவிடுங்கள். தனியாக ஒருநாளும் திறந்த நீரில் பயிற்சி செய்யாதீர்கள்.

வெட்சூட், அதாவது உடம்போடு ஒட்டும் ரப்பர் நீச்சல் உடை பற்றி ஒரு வார்த்தை. அது மிதக்க உதவும், குளிரைத் தாங்கும், ஆனால் கழுத்தை இறுக்குவதுபோல் இருக்கும். அந்த இறுக்கத்துக்குப் பழகாமல் போனால் அதுவே பதற்றத்தைக் கிளப்பும். அயர்ன்மேன் பந்தயங்களில் தண்ணீர் 24.5 டிகிரி வரை இருந்தால் அமெச்சூர்கள் அணியலாம். மற்ற பந்தயங்களில் இந்த எல்லை வேறாக இருக்கும். அன்று காலை அளந்துதான் அறிவிப்பார்கள், ஆகவே அது இல்லாமலும் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும்.

டிரான்சிஷன்: ஓட்டத்தைவிட ஒழுங்கு முக்கியம்

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறுகிற இடம் இது. பெரிய பந்தயத்தில் ஒரு மைதானம் அளவுக்கு இருக்கும். சைக்கிளை நிறுத்தும் நாளில் உள்ளே நடந்து பாருங்கள். நீரிலிருந்து ஏறும் இடத்திலிருந்து உங்கள் வரிசை வரை, அங்கிருந்து சைக்கிள் வெளியேறும் வாசல் வரை, அப்புறம் சைக்கிள் உள்ளே வரும் வாசலிலிருந்து மறுபடியும். வரிசைகளை எண்ணுங்கள். பக்கத்துச் சைக்கிளின் நிறத்தையோ யாரோ வைத்த பையையோ அடையாளமாகக் கொள்ளாதீர்கள். நீங்கள் திரும்பும்போது அவை அங்கே இருக்காது. மரம், விளக்குக் கம்பம், வரிசை எண் பலகை என்று அசையாத எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குக் கிடைப்பது ஒரு சின்னத் துண்டு விரிக்கிற இடம். சாமான்களை எடுக்கும் வரிசையிலேயே வையுங்கள். ஹேண்டில்பார் மேல் ஹெல்மெட் கவிழாமல், உட்புறம் மேலே பார்க்க, பட்டைகள் இரு பக்கமும் விரிந்து தொங்க. அதற்குள் கறுப்புக் கண்ணாடி, கால்கள் விரித்தபடி. துண்டின் முன்பகுதியில் சைக்கிள் ஷூ, நன்றாகத் திறந்துவைத்து, உள்ளே கொஞ்சம் பவுடர். பின்பகுதியில் ஓட்ட ஷூ, அதன் மேல் தொப்பி, தொப்பிக்குள் ஒரு ஜெல் (சிறு கவரில் வரும் சர்க்கரைக் கூழ்). பந்தய எண்ணைத் தாங்கும் இடுப்புப் பட்டையான நம்பர் பெல்ட் ஹெல்மெட்டுக்கு அடியில். சைக்கிளில் எண் முதுகுப்பக்கம், ஓட்டத்தில் முன்பக்கம். சைக்கிள் லேசான கியரில் இருக்கட்டும். வெயிலில் இரவுபகலாக நிற்கப்போகிறது என்றால் டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்துவிட்டு, காலையில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மீறக்கூடாத விதி ஒன்று: சைக்கிளைக் கம்பியிலிருந்து எடுப்பதற்கு முன் ஹெல்மெட் பட்டை மாட்டியிருக்க வேண்டும், திரும்பி வந்து சைக்கிளை மாட்டிய பிறகுதான் கழற்ற வேண்டும். உள்ளே சைக்கிளை உருட்டித்தான் போக வேண்டும். ஏறும் கோட்டைத் தாண்டி ஏறுங்கள், இறங்கும் கோட்டுக்கு முன் இறங்குங்கள். வீட்டு வாசலில் இதைப் பத்துப் பதினைந்து தடவை செய்து பாருங்கள். ஷூவை பெடலிலேயே மாட்டிவைத்து ஓடிவந்து தாவி ஏறுவதெல்லாம் முதல் பந்தயத்துக்குத் தேவையில்லை.

சைக்கிள்: முன்னால் போகிறவரை விட்டுவிடுங்கள்

நீச்சலிலிருந்து வந்ததும் இதயத் துடிப்பு ஏறியே இருக்கும். முதல் பத்து நிமிடம் லேசான கியரில், கால் வேகமாகச் சுழலும்படி ஓட்டி, துடிப்பு இறங்கக் காத்திருங்கள். பலர் உங்களைக் கடந்துபோவார்கள். அவர்களில் நிறையப் பேரை ஓட்டத்தின் இரண்டாம் பாதியில் மறுபடி பார்ப்பீர்கள். ஒலிம்பிக் தூரத்தில் ‘இன்னும் கொஞ்சம் அழுத்தலாம்’ என்ற நிலையிலேயே 40 கி.மீ. முழுவதும் இருக்க வேண்டும்.

அமெச்சூர் பந்தயங்களில் முன்னால் போகும் சைக்கிளின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு போவது பெரும்பாலும் தடை. 10 அல்லது 12 மீட்டர் இடைவெளி கேட்பார்கள். கடந்துபோக 20, 25 விநாடி தருவார்கள். பெரிய கூட்டத்தில் இடைவெளி தானாகவே சுருங்கும், ஆனால் அபராதம் உங்களுக்குத்தான். கடப்பதென்றால் தயங்காமல் கடந்து, உங்கள் ஓரத்துக்குத் திரும்பிவிடுங்கள். உங்களை ஒருவர் கடந்தால் பின்வாங்க வேண்டியது நீங்கள். ஜெல் கவரைச் சாலையில் எறிவதும் காதில் பாட்டுக் கேட்பதும் அபராதத்துக்கோ தகுதிநீக்கத்துக்கோ கொண்டுபோய்விடும்.

ஒரு டியூப், இரண்டு டயர் லீவர், ஒரு பம்ப் அல்லது காற்றுக் குப்பி. பின் சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். வெளியாட்கள் உதவினால் தகுதிநீக்கம் வரலாம். புதுச் சக்கரம் வாங்க வைத்திருக்கும் பணத்தை, உங்கள் உடலுக்கேற்ப சீட்டையும் ஹேண்டிலையும் சரிசெய்து தருகிறவரிடம் கொடுத்தால் முதுகும் முட்டியும் நன்றி சொல்லும்.

சாப்பாடும் தண்ணீரும்

ஒன்றிலிருந்து இரண்டரை மணி நேரம் வரையான உழைப்புக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான கணக்கு. அதற்கு மேல் போனால் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்து 90 கிராம் வரை போகலாம், வயிறு பழகியிருந்தால். ஒரு ஜெல்லில் சுமார் 20, 25 கிராம் இருக்கும். சைக்கிளில்தான் வயிறு ஒத்துழைக்கும். ஆகவே ஓட்டத்துக்கு வேண்டியதையும் அங்கேயே முடிந்தவரை முடித்துவிடுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரம் சத்தம் போடும்படி வைத்தால் மறக்காது.

தண்ணீர் குறைந்தால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். உப்பில்லாத வெறும் தண்ணீரைத் தாகத்தை மீறிக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நீளமான பந்தயங்களில் மெதுவாகப் போகிறவர்களுக்கு இது அதிகம். தாகத்துக்குக் குடியுங்கள், எலக்ட்ரோலைட் (சோடியம் போன்ற உப்புகள்) சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் தொடாத எதையும் பந்தயத்தில் வாயில் வைக்க வேண்டாம். பாதையில் எந்த பானம் தருவார்கள் என்று முன்பே விசாரித்து, அதையே பயிற்சியில் குடித்துப் பழகுங்கள்.

முந்தைய நாளும் அன்று காலையும்

விளக்கக் கூட்டத்துக்கு முழுதாக இருங்கள். மிதவைகளை எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும், எத்தனை சுற்று என்பதெல்லாம் அங்கேதான் தெளிவாகும். அப்புறம் காலுக்கு ஓய்வு. கண்காட்சிக் கடைகளில் மணிக்கணக்காக நின்று தீர்த்துவிடாதீர்கள். முந்தைய இரவு தூக்கம் வராது, பரவாயில்லை. அதற்கு முந்தைய இரவு நன்றாகத் தூங்கியிருந்தால் போதும்.

காலை உணவு புறப்பாட்டுக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் முன்னால், உங்கள் வயிறு அறிந்ததாக இருக்கட்டும். டிரான்சிஷனுக்குச் சீக்கிரம் போய்ச் சேருங்கள். காற்று, பிரேக், கியர் பார்த்து, சாமான்களை அடுக்கி, கழிப்பறை வரிசையில் நின்றுவிடுங்கள்; அந்த வரிசை எப்போதும் எதிர்பார்த்ததைவிட நீளம். உங்கள் நேரத்தைப் பதிவு செய்யும் டைமிங் சிப் கணுக்காலில் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அக்குள், கழுத்து, தொடையிடுக்கில் உராய்வுத் தைலம். நீச்சல் கண்ணாடியின் பட்டைக்கு மேல் தொப்பியைப் போட்டால் யார் கை பட்டாலும் கண்ணாடி கழன்று போகாது.

பந்தயத்துக்கு முன் தண்ணீரில் இறங்க அனுமதி இருந்தால் பத்து நிமிடம் நீந்துங்கள். இல்லையென்றால் கையைச் சுழற்றி, லேசாகக் குதித்து உடம்பைச் சூடாக்குங்கள். ஒரே நேரத்தில் புறப்படும் உங்கள் குழுவில் பின்பக்கமோ ஓரமோ நில்லுங்கள். முதல் 30 விநாடி மற்றவர்கள் பாய்ந்துபோகட்டும். நீச்சலில் ஒருவரின் காலுக்குப் பின்னாலோ இடுப்புக்குப் பக்கத்திலோ ஒட்டி நீந்துவது விதிப்படி சரிதான். நிறைய உழைப்பு மிச்சமாகும்.

ஓட்டம்

முதல் கிலோமீட்டரில் கால் கனத்தாலும் வேகம் அதிகமாகத்தான் இருக்கும். சைக்கிளில் வேகத்துக்குப் பழகிய கண் ஏமாற்றும், போதாததற்குப் பார்வையாளர்களின் ஆரவாரம். கடிகாரத்தைப் பார்த்து, திட்டமிட்டதைவிட கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து விநாடி மெதுவாகத் தொடங்குங்கள். அடியைச் சிறிதாக்கி, வேகமாக எடுத்து வையுங்கள்.

தண்ணீர் மேசைகளில் முதல் ஆளிடம்தான் எல்லோரும் முண்டுவார்கள். கடைசியில் நிற்பவரை நோக்கிப் போங்கள், கண்ணைப் பார்த்துக் கை நீட்டுங்கள். கோப்பையின் வாயை நசுக்கி நாலடி நடந்துகொண்டே குடித்தால் தொண்டையில் அடைக்காது. வெயிலில் ஒரு கோப்பை குடிக்க, ஒன்று தலையில் ஊற்ற. 7-வது கிலோமீட்டருக்கு மேல் தெம்பு இருந்தால் கூட்டுங்கள், இல்லையென்றால் அடுத்த மேசை, அதற்கடுத்த மேசை என்று எண்ணிக்கொண்டே போங்கள். நடப்பதும் விதிப்படி ஓட்டம்தான். வியர்வை நின்று, குளிரெடுத்து, தலை சுற்றினால் நின்று மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள்.

முடித்த பிறகு

கோட்டைத் தாண்டியதும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். திடீரென நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி மயக்கம் வரும். சிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காய்ந்த துணிக்கு மாறி, ஒரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த எதையாவது சாப்பிடுங்கள். சைக்கிளை வெளியே எடுக்கக் கையில் கட்டிய எண் பட்டையைக் கேட்பார்கள், அவசரப்பட்டு அறுத்துவிடாதீர்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு திரும்புவதைவிட யாரையாவது கூட்டிப்போவது நல்லது.

அடுத்த இரண்டு மூன்று நாள் நடை, லேசான நீச்சல் மட்டும். ஓட்டத்தை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். சிறுநீர் அடர் பழுப்பாகப் போனாலோ, நெஞ்சில் அசௌகரியம் இருந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். முடிவுப் பட்டியல் வெளியானதும் மொத்த நேரத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், இரண்டு டிரான்சிஷன் நேரங்களையும், ஓட்டத்தின் முதல் 5 கி.மீ.க்கும் அடுத்த 5 கி.மீ.க்கும் உள்ள வித்தியாசத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது 5 கி.மீ. மிகவும் மெதுவாகியிருந்தால் அடுத்த பருவத்தில் சைக்கிள் பயிற்சியையும் சைக்கிளில் சாப்பிடுவதையும்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.